இருநூறு பேர்தானே? – 377 பற்றி ஒரு சந்தேகம்

தாமிரபரணி_98 (தொடக்கப் பதிவு)

வணக்கம். சட்டக் கல்லூரியில் இறுதியாண்டு படிக்கிறேன். அடுத்த வாரம் வகுப்பில் விவாதம் இருக்கிறது. ஓரினச்சேர்க்கையாளர் மீதான பாகுபாட்டில், 'இயற்கை ஒழுங்குக்கு மாறான' உடலுறவைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டம் 377-வது பிரிவுக்கு என்ன பங்கு என்பதுதான் தலைப்பு. எனக்கு விழுந்தது எதிரணி. 377 வெறும் ஏட்டுச் சுரைக்காய், யாரையும் பெரிதாக எதுவும் செய்யவில்லை என்று நான் பேச வேண்டும்.

கையில் வலுவான ஆயுதம் ஒன்று இருக்கிறது. 2013 டிசம்பர் 11 அன்று சுரேஷ் குமார் கௌஷல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது: 150 ஆண்டுகளுக்கு மேலாக இந்தப் பிரிவில் வழக்குத் தொடரப்பட்டவர்கள் 200 பேருக்கும் குறைவு. 1862 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருந்த சட்டம். கணக்குப் போட்டால் வருடத்துக்கு ஒன்றரைப் பேர்கூடத் தேறாது. வரதட்சணைச் சட்டத்தில் ஒரு மாவட்டத்தில் ஒரு மாதத்தில் போடும் வழக்குகள் இதைவிட அதிகம் இருக்குமே!

விவாதத்துக்காக மட்டும் கேட்கவில்லை. எனக்கே குழப்பமாகத்தான் இருக்கிறது. 200 பேர் மட்டுமே சம்பந்தப்பட்ட சட்டத்தை ஏன் இவ்வளவு பெரிய கொடுமையாகச் சொல்கிறார்கள்? பெரியவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும்.

ஊர்க்குருவி

படிக்கிற வயதில் வேறு தலைப்பே கிடைக்கவில்லையா? இதெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு. நம் ஊரில் இந்தப் பிரச்சினையே கிடையாது என்பதால்தான் 200 பேர். உங்கள் அணி சுலபமாக ஜெயிக்கும், வாழ்த்துகள்.

கறுப்புக்கோட்டு

தம்பி, அந்த வாக்கியத்தில் அடைப்புக்குறிக்குள் சில சொற்கள் இருக்கின்றன, பார்த்தீர்களா? "வெளியான தீர்ப்புகளின்படி" என்று போட்டிருப்பார்கள். சூட்சுமமே அங்கேதான்.

41 வருடமாகக் குற்றவியல் நீதிமன்றங்களில் நின்றவன் என்கிற முறையில் சொல்கிறேன். சட்ட இதழ்களில் அச்சாவது உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள். அதிலும் சட்ட நுணுக்கம் ஏதாவது இருந்தால்தான் போடுவார்கள். மாஜிஸ்திரேட் கோர்ட்டில் தண்டனை வாங்கி, மேல்முறையீட்டுக்குக் காசில்லாமல் உள்ளே போனவன் எந்த இதழிலும் வரமாட்டான். 377 முதல் வகுப்பு மாஜிஸ்திரேட்டே விசாரிக்கக்கூடிய குற்றம். ஆக அந்த 200 என்பது மேலே மிதந்து வந்தவர்களின் எண்ணிக்கை.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 377-ஐத் தனியாக எண்ண ஆரம்பித்ததே 2014-ல்தான். 2015-ல் மட்டும் 1,347 வழக்குகள். ஒரே வருடத்தில்! அதே சமயம் ஒன்றை மறைக்கக் கூடாது. அதில் 814 வழக்குகளில் பாதிக்கப்பட்டவர்கள் குழந்தைகள். உங்கள் அணிக்கு உருப்படியான வாதம் வேண்டுமென்றால் அதுதான். 2012-ல் போக்சோ வரும்வரை, ஒரு சிறுவனுக்கு நடந்த கொடுமைக்குப் போடுவதற்கு 377-ஐ விட்டால் பொருத்தமான பிரிவு கிடையாது. அச்சான பழைய தீர்ப்புகளைப் புரட்டினாலும் பெரும்பகுதி அந்த மாதிரி வழக்குகளே. மனம் ஒத்த இரண்டு பெரியவர்கள் மீது போட்ட வழக்கை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அப்படியானால் ஏட்டுச் சுரைக்காய்தானே என்பீர்கள். இல்லை. 377-ல் பிடியாணை இல்லாமல் கைது செய்யலாம். ஜாமீன் உரிமையாகக் கிடைக்காது, நீதிபதி மனது வைக்க வேண்டும். அதிகபட்சத் தண்டனை ஆயுள். இந்த மூன்றும் ஒரு காவலரின் சட்டைப் பையில் இருக்கும்போது, அவர் எதற்கு வழக்குப் போட வேண்டும்? வழக்கு என்றால் மருத்துவப் பரிசோதனை, சாட்சி, குற்றப்பத்திரிகை, வாய்தா. யாருக்கு வேலை? "377 போடட்டுமா?" என்று கேட்டாலே போதும். மிஞ்சினால் நகரக் காவல் சட்டம் 75-ல் (பொது இடத்தில் ஒழுங்கீனம்) ஒரு பெட்டி கேஸ், இல்லை ஒரு சந்தேகக் கேஸ். காலையில் அபராதம் கட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டு போய்விடுவான். அந்த ஏட்டில் 377 என்ற எண்ணே இருக்காது.

தாமிரபரணி_98

நன்றி ஐயா. (தம்பி இல்லை, தங்கை!) கைராத்தி வழக்கு என்று ஒன்றைப் பாடத்தில் ஒரு வரியில் தாண்டிப் போனோம். அதைப் பற்றிச் சொல்ல முடியுமா?

கறுப்புக்கோட்டு

மன்னிக்கணும்மா.

1884, அலகாபாத் உயர் நீதிமன்றம். கைராத்தி மொராதாபாத் பக்கத்தைச் சேர்ந்தவர். பெண் உடை உடுத்தி, ஒரு குடும்பத்துப் பெண்களோடு உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தார். குற்றம் என்றால் அவ்வளவுதான். யாரும் புகார் கொடுக்கவில்லை. பிடித்துக்கொண்டு போய் சிவில் சர்ஜனிடம் உடற்பரிசோதனைக்கு நிறுத்தினார்கள். ஆசனவாய் எக்காளத்தின் வடிவில் இருக்கிறது, ஆகவே இது இவருக்குப் பழக்கம் என்று சர்ஜன் எழுதிக் கொடுத்தார். அதை வைத்துக்கொண்டு செஷன்ஸ் நீதிமன்றம் தண்டித்துவிட்டது. எந்தத் தேதி, எந்த இடம், யாரோடு? ஒன்றுக்கும் பதில் இல்லை.

உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஸ்ட்ரெயிட் விடுவித்தார். தேதியும் இடமும் ஆளும் சொல்லாத குற்றச்சாட்டு நிற்காது என்பது காரணம். ஆனால் இப்படிப்பட்ட அருவருப்பான பழக்கங்களை ஒடுக்க அதிகாரிகள் காட்டும் ஆர்வத்தைத் தாம் மதிப்பதாகவும் அதே தீர்ப்பில் எழுதி வைத்தார்.

ஊர்க்குருவி

விடுதலை ஆகிவிட்டாரே! பிறகென்ன? வெள்ளைக்காரன் கோர்ட் நியாயமாகத்தானே நடந்திருக்கிறது?

வெண்கலப்பானை

ஊர்க்குருவி, அந்தப் பரிசோதனையை ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். விடுதலை ஆனதும் அது நடக்கவில்லை என்று ஆகிவிடுமா? வீட்டில் பாடிக்கொண்டிருந்த ஒருவரை இழுத்துப் போய்க் குனிய வைத்துப் பார்த்திருக்கிறார்கள். ஊருக்குத் திரும்பி அவர் எப்படி நடமாடியிருப்பார் என்று எந்தத் தீர்ப்பிலும் இல்லை.

இன்னொன்று. அங்கே 377 தனியாக இல்லை. 1871-ன் குற்றப் பரம்பரைச் சட்டத்தை நாம் கள்ளர், மறவர், குறவர் என்றுதான் ஞாபகம் வைத்திருக்கிறோம். பெருங்காமநல்லூர் துப்பாக்கிச் சூடு நம் கண்ணுக்கு முன் வந்துவிடும். அந்தச் சட்டத்துக்கு இரண்டாம் பகுதி ஒன்று உண்டு. வட இந்தியாவில் ஹிஜ்ராக்கள் எனப்படும் திருநங்கைகளின் பெயரைப் பதிவேட்டில் ஏற்றுவது, அவர்கள் பெண் உடையில் தெருவில் வந்தாலோ ஆடிப் பாடினாலோ இரண்டு வருடம் உள்ளே தள்ளுவது. ஹைதராபாத் நிஜாம் ஆட்சியும் இதைப் பார்த்து 1919-ல் தனியாகச் சட்டம் போட்டது. அதைத் தெலங்கானா உயர் நீதிமன்றம் ரத்து செய்தது எப்போது தெரியுமா? 2023 ஜூலையில்!

ஆகவே கைராத்தியைப் பிடித்தவனுக்கு 377 ஒரு கை, குற்றப் பரம்பரை இன்னொரு கை.

ரயிலடி

இந்தத் தளத்தில் பத்து வருடமாகக் கிரிக்கெட் இழைகளில் மட்டும் எழுதிக்கொண்டிருப்பவன். "377 போடட்டுமா" என்று ஐயா எழுதியதைப் படித்த பிறகு நேற்று இரவு தூக்கம் வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

1999. எனக்கு 24 வயது, வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம். ஊர் வேண்டாம். ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மைதானம், அங்கே மாலையில் எங்களைப் போன்றவர்கள் உட்கார்ந்து பேசுவோம். உண்மையிலேயே பேச மட்டும்தான். எங்களுக்கென்று பேச வேறு இடம் ஏது? அன்றைக்கு மழை வருகிற மாதிரி இருந்ததால் நான்கு பேர்தான் வந்திருந்தோம். மஃப்டியில் இரண்டு பேர் வந்தார்கள். மூன்று பேர் ஓடிவிட்டார்கள். நான் செருப்பைத் தேடிக்கொண்டு நின்றுவிட்டேன்.

அடிக்கவில்லை. பர்ஸை வாங்கிப் பிரித்து, அலுவலக அடையாள அட்டையை விளக்கு வெளிச்சத்தில் சத்தமாகப் படித்தார். "பேர் நல்லா இருக்கே. அப்பா என்ன பண்றாரு? அக்கா தங்கச்சி இருக்கா?" அப்புறம்தான் அந்த எண் வந்தது. அதற்கு முன் எனக்கு 377 என்றால் என்னவென்றே தெரியாது. பத்து வருடம் என்றார். பர்ஸில் 640 ரூபாய் இருந்தது, எடுத்துக்கொண்டார். வாட்ச்சையும் கழற்றச் சொன்னார். கடைசியில் வீட்டுத் தொலைபேசி எண்ணைக் கேட்டார். பொய் சொல்லத் தோன்றவில்லை. சிகரெட் பெட்டியின் உள்தாளைக் கிழித்து எழுதி, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

எங்கள் வீட்டில் அப்போது சுற்றி டயல் செய்யும் சிவப்புத் தொலைபேசி. அம்மா அதற்கு நூலில் பின்னி உறை போட்டிருந்தார். அந்த வருடம் அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தோம். மணி அடிக்கும்போதெல்லாம் சாப்பாட்டுக் கையோடு ஓடுவேன். மூன்றாவது மணி அடிப்பதற்குள் எடுத்துவிட வேண்டும். இவனுக்கு ஏதோ காதல் விவகாரம் என்று வீட்டில் கிண்டல் செய்தார்கள்.

அவர் இரண்டு முறை கூப்பிட்டார். முதல் முறை 2,000. இரண்டாம் முறை 3,000, அதற்குப் பிஎஃப்பில் கடன் போட்டேன். பிறகு கூப்பிடவில்லை. மாற்றலாகிப் போயிருக்கலாம். அக்கா கல்யாணம் முடிகிறவரை நான் அந்த வீட்டை விட்டு ஓர் இரவுகூட வெளியே தங்கவில்லை.

எஃப்.ஐ.ஆர். கிடையாது, ரசீது கிடையாது. தங்கை சொன்ன 200-ல் நான் இல்லை. மைதானத்திலிருந்து ஓடிய மூன்று பேரும் இல்லை.

நெறியாளர்

ரயிலடி, எழுதியதற்கு நன்றி. அவருடைய ஊரையோ துறையையோ யாரும் கேட்க வேண்டாம். கேட்டால் பதிவு நீக்கப்படும். ஊர்க்குருவி, நீங்கள் அடுத்துப் போட்ட பதிவை நீக்கிவிட்டேன், காரணம் உங்களுக்கே தெரியும்.

சிராங்கூன்வாசி

ரயிலடி அண்ணா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் திரையை மூடி வைத்துவிட்டேன்.

சிங்கப்பூர்க் கதையும் சொல்லிவிடுகிறேன், தங்கைக்கு உதவும். எங்களுக்கு 377 போதாதென்று 1938-ல் 377ஏ என்று ஒன்றைப் பிரிட்டிஷ்காரர்கள் சேர்த்தார்கள். ஆண்களுக்கு இடையே எது நடந்தாலும் குற்றம், இரண்டு வருடம் வரை. இங்கிலாந்தில் 1885-ல் வந்த சட்டத்தின் நகல் அது. ஆஸ்கர் வைல்டை 1895-ல் இரண்டு வருடக் கடுங்காவலுக்கு அனுப்பியது அந்த மூலச் சட்டம்தான். அங்கேயே அதற்கு மிரட்டிப் பணம் பறிப்பவனின் சாசனம் என்று பட்டப்பெயர் இருந்தது. ரயிலடி அண்ணா சந்தித்த மஃப்டி ஆளுக்கு லண்டனில் நூறு வருடத்துக்கு முந்தைய அண்ணன்மார் இருந்திருக்கிறார்கள்.

1993-ல் இங்கே தஞ்சோங் ரூ பக்கம் போலீஸ்காரர்களே மாறுவேடத்தில் போய்ச் சிரித்துப் பேசி, தொட்டவர்களைப் பிடித்தார்கள். 12 பேர். பெயரும் படமும் செய்தித்தாளில் வந்தன. சிலருக்குச் சிறையோடு பிரம்படியும் விதித்தார்கள். அவர்கள் மீது போட்டது 377ஏ இல்லை, மானபங்கப் பிரிவு! கணக்கெடுத்தால் 377ஏ பக்கத்தில் இவர்கள் பெயர் வராது. ஆனால் 377ஏ இருந்த ஊர் என்பதால்தான் அப்படி வலை விரிக்க முடிந்தது.

2007-ல் 377-ஐ எடுத்துவிட்டு 377ஏ-வை மட்டும் வைத்துக்கொண்டார்கள். இருக்கும், ஆனால் வலியப் போய்ப் பயன்படுத்த மாட்டோம் என்றது அரசு. கூரையில் தொங்கும் கத்தி விழாது என்று சொல்லிவிட்டு அடியில் படுக்கச் சொன்ன மாதிரி. அதை எதிர்த்து 2010-ல் வழக்குப் போட்ட வக்கீல் எம். ரவி நம்ம தமிழர்தான். 2023 ஜனவரி 3-ல் ஒருவழியாகப் போனது.

வல்லைவெளி

எங்கட பக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கோ. இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை 1883-ல் வந்தது, உங்கட 377, 377ஏ மாதிரி எங்களுக்கு 365, 365அ. நீங்கள் எடுத்துவிட்டீர்கள், எங்களிடம் இன்னும் இருக்கிறது. 2023 மே மாதம் இதை நீக்கும் தனிநபர் மசோதா அரசியலமைப்புக்கு முரண் இல்லை என்று உயர் நீதிமன்றம் (நீங்கள் உச்ச நீதிமன்றம் என்பது) சொல்லியும் பாராளுமன்றம் அசையவில்லை.

ஒரு கொடுமையைக் கேளுங்கோ. 1995 வரை 365அ ஆண்களுக்கு மட்டும்தான். சட்டத்தைத் திருத்துகிறோம் என்று வந்தவர்கள் "ஆண்" என்ற சொல்லை எடுத்துவிட்டு "ஆள்" என்று போட்டார்கள். சமத்துவமாம். அதோடு பெண்களும் குற்றவாளிகள் ஆனார்கள். அதற்கு மேலே 1841-ன் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம். இரவில் பஸ் தரிப்பிடத்தில் நிற்கிற ஒரு பெடியனைப் பொலிஸ் ஏற்றிக்கொண்டு போக அது ஒன்றே காணும்.

ரைன்கரை

ஜெர்மனியில் இருந்து. அங்கெல்லாம் நடந்தது வேறு மாதிரி, ஆனால் எண்ணிக்கை என்ற விஷயத்தில் ஒப்பிடலாம். இங்கே 175-வது பிரிவு, 1871 முதல். 1935-ல் நாஜிகள் அதைக் கடுமையாக்கினார்கள். அவர்கள் காலத்தில் சுமார் 50,000 பேர் தண்டிக்கப்பட்டார்கள். ஆயிரக்கணக்கானவர்களை வதை முகாமில் இளஞ்சிவப்பு முக்கோணம் தைத்த சட்டையோடு அடைத்தார்கள். போர் முடிந்தது, ஹிட்லர் போய்விட்டான், ஆனால் மேற்கு ஜெர்மனி அதே நாஜித் திருத்தத்தை 1969 வரை வைத்துக்கொண்டது. முகாமில் இருந்து உயிரோடு வந்தவர்களில் சிலர் மறுபடி சிறைக்குப் போனார்கள். பெர்லினில் நொல்லன்டோர்ஃப் ரயில் நிலையச் சுவரில் முக்கோண வடிவில் ஒரு கல் பதித்திருக்கிறார்கள், போகும்போது வரும்போது பார்ப்பேன்.

இங்கே எல்லாவற்றையும் எழுதி வைத்தார்கள், அதனால் எண்ணிக்கை இருக்கிறது. 2017-ல் தண்டனைகளை ரத்து செய்து, ஒரு தண்டனைக்கு 3,000 யூரோ இழப்பீடு என்றார்கள். தங்கை கவனிக்க வேண்டியது அடுத்தது: 2019-ல் அதைத் தண்டனையே பெறாதவர்களுக்கும் நீட்டினார்கள். விசாரணை தொடங்கியிருந்தாலே 500 யூரோ. வழக்கில் மாட்டாமலே வேலை போனவர்களுக்கும் ஒரு தொகை. தீர்ப்பு எழுதினால்தான் பாதிப்பு என்ற கணக்கை ஒரு அரசே விட்டுவிட்டது.

ரயிலடிக்கு அந்த 500 கூடக் கிடைக்காது. விசாரணை தொடங்கியதற்கும் தாள் வேண்டுமே.

ஊர்க்குருவி

என் பதிவை நீக்கியது சரிதான், வாய் தவறிவிட்டது. ரயிலடி, கிரிக்கெட் இழையில் உங்களோடு எத்தனை சண்டை போட்டிருக்கிறேன்! அந்தப் போலீஸ்காரன் செய்தது அயோக்கியத்தனம், அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் அது லஞ்சம். தனி மனிதனின் தப்பு. இதற்குச் சட்டம் என்ன செய்யும்? நம் பண்பாட்டில் இது ஏற்புடையதல்ல என்பதையும் நான் மாற்றிக்கொள்ளவில்லை.

வெண்கலப்பானை

தனி மனிதன் என்றால் 2001 ஜூலையில் லக்னோவில் என்ன நடந்தது? எய்ட்ஸ் தடுப்பு வேலை செய்துகொண்டிருந்த தொண்டு நிறுவனப் பணியாளர்கள் நான்கு பேர். ஆணுறையும் விழிப்புணர்வுத் தாளும் கொடுத்தவர்கள். 377-ஐயும் சதிப் பிரிவையும் போட்டு 47 நாள் உள்ளே வைத்தார்கள். அங்கே லஞ்சம் இல்லை, முறைப்படி நடந்த கைது.

பண்பாட்டுக்கு வருகிறேன். வெள்ளைக்காரன் வருவதற்கு முன்னால் இங்கே சொர்க்கம் இருந்தது என்று எங்கள் பக்கத்திலும் சிலர் சொல்வார்கள், அதுவும் சரியில்லை. மனு ஸ்மிருதியை எடுங்கள். ஆணோடு கூடிய இருபிறப்பாளனுக்குப் பிராயச்சித்தம் உடுத்த துணியோடு குளிப்பது. அவ்வளவுதான். ஒரு கன்னியைக் கெடுத்த பெண்ணுக்கோ தலையை மழிப்பது அல்லது இரண்டு விரலை வெட்டுவது, கூடவே கழுதை மேல் ஏற்றுவது. பெண் என்றால் கழுதை, ஆண் என்றால் குளியல்! ஆனாலும் ஆயுள் தண்டனை என்ற கற்பனை இங்கே விளைந்ததில்லை. அது 1533-ல் எட்டாம் ஹென்றி போட்ட சட்டத்தின் வாரிசு. மெக்காலே 1837-ல் வரைவு எழுதியபோது, இந்த அருவருப்பான விஷயத்தைப் பொதுவில் யாரும் விவாதிக்கவே இடம் தரக் கூடாது என்று விளக்கக் குறிப்பைக்கூடச் சுருக்கிக்கொண்டார். என்ன குற்றம் என்றே விளக்காமல் "இயற்கை ஒழுங்குக்கு மாறான" என்று எழுதிவிட்டால், எது இயற்கை என்று மைதானத்தில் டார்ச் பிடித்து நிற்பவர்தான் முடிவு செய்வார்.

பெண்களைப் பற்றி யாரும் பேசவில்லை. 377-ன் வாசகப்படி பெண்கள் அதில் மாட்டுவதே கஷ்டம். அதனால் தப்பித்தார்களா? வீட்டில் இருந்து வெளியேறிய இரண்டு பெண்கள் என்றால் "காணவில்லை" புகார், கடத்தல் புகார். மதுரையில் இருந்து சென்னைக்கு வந்த இரண்டு பெண்களின் வழக்கில்தான் 2021 ஜூன் 7 அன்று நீதிபதி ஆனந்த் வெங்கடேஷின் உத்தரவு வந்தது. தமக்கே இதைப் பற்றி முன்முடிவுகள் இருந்ததை வெளிப்படையாகச் சொல்லி, ஓர் உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டு எழுதினார். "குணப்படுத்துகிறோம்" என்று சொல்லும் வைத்தியங்களுக்கும் தடை போட்டார். அது 2018-ல் உச்ச நீதிமன்றம் 377-ன் பல்லைப் பிடுங்கி ஏறக்குறைய மூன்று வருடம் கழித்து. 2022-ல் தமிழ்நாடு அரசு காவலர் நடத்தை விதியிலேயே இவர்களைத் துன்புறுத்தக் கூடாது என்று சேர்த்தது.

அந்த வழக்கின் தொடர்ச்சியாகத்தான் இவர்களை எந்தச் சொற்களால் குறிக்கலாம் என்ற பட்டியலும் அரசிதழில் வந்தது. நெறியாளருக்கு ஒரு விண்ணப்பம்: "ஓரினச்சேர்க்கை" என்ற சொல்லில் சேர்க்கை மட்டும்தான் இருக்கிறது. ரயிலடி அந்த மைதானத்தில் சேரவில்லை, பேசிக்கொண்டிருந்தார். தன்பாலீர்ப்பு என்றே எழுதலாமே.

நெறியாளர்

இழையின் குறிச்சொல்லை "தன்பாலீர்ப்பு" என்று மாற்றியாயிற்று. பழைய பதிவுகளில் கை வைக்கவில்லை.

கறுப்புக்கோட்டு

ஊர்க்குருவிக்கு ஒரு வரி. லஞ்சம் என்றால் வாங்கினவர் மேல் புகார் கொடுக்கலாம். ரயிலடி புகார் கொடுக்கப் போயிருந்தால் முதல் குற்றவாளியாக அவர் பெயரைத்தான் எழுதியிருப்பார்கள். திருடு போனதைச் சொல்ல முடியாதவனிடம்தான் தைரியமாகத் திருடலாம்.

தாமிரபரணிக்கு இன்னொரு குறிப்பு. உச்ச நீதிமன்றத்தின் 2018 செப்டம்பர் 6 தீர்ப்பு மனம் ஒத்த பெரியவர்களை மட்டும்தான் விடுவித்தது. பலவந்தம் என்றால் 377 அப்படியே இருந்தது. 2024 ஜூலை 1-ல் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்தப் பிரிவையே காணோம். ஆக இன்றைக்கு ஒரு வளர்ந்த ஆணைப் பலாத்காரம் செய்தால் போடுவதற்கு நேரான பிரிவு இல்லை. இருக்கும்போதும் இவர்கள் தலையில், போகும்போதும் இவர்கள் தலையில். உங்கள் அணி இதை எடுத்தால் எடுபடும்.

தாமிரபரணி_98

எல்லாருக்கும் நன்றி. பேராசிரியரிடம் போய் அணி மாற முடியுமா என்று கேட்டேன். முடியாது, வக்கீலாகப் போகிறவள் கிடைத்த கட்சிக்காரருக்குத்தான் வாதாட வேண்டும் என்றுவிட்டார். சரி, போக்சோவுக்கு முந்தைய காலத்தையும் 2024 ஓட்டையையும் வைத்துப் பேசிக்கொள்கிறேன். 200 என்ற எண்ணை எடுக்க மாட்டேன்.

எதிரில் பேசப்போகும் தோழியிடம் இந்த இழையைக் காட்டலாமா? ரயிலடி அண்ணா, உங்கள் பதிவை அவள் வகுப்பில் வாசிக்க விரும்பினால் சம்மதமா? பெயர் எதுவும் இருக்காது.

ரயிலடி

வாசிக்கட்டும். மைதானம், 640 ரூபாய் எல்லாம் இருக்கட்டும். தொலைபேசியின் நிறத்தையும் அந்தப் பின்னல் உறையையும் மட்டும் எடுத்துவிடச் சொல்லுங்கள். அக்கா பெண் அந்தக் கல்லூரிகளில் ஒன்றில்தான் படிக்கிறாள். அந்த உறை இப்போது அவள் வீட்டில் இருக்கிறது.